பெல்ட் வாங்குவதற்கு முன்

ஸ்ரீராமபுரம்,
பெங்களூரு.

அன்புள்ள பிரபு,

பிவண்டி கிடங்கின் பாதுகாப்புப் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதை அறிந்து அப்பாவும் நானும் மகிழ்ந்தோம். பெட்டி தூக்குபவர்கள் இடுப்புவலி என்று அடிக்கடி விடுப்பு எடுப்பதால், அனைவருக்கும் இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்து, சரியாகத் தூக்கும் முறையைச் சுவரில் ஒட்டிவிடலாம் என்று நிர்வாகம் நினைப்பதாக எழுதியிருந்தாய். அந்த பில்லில் நீ கையெழுத்துப் போடுவதற்கு முன் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

வலி வராதவருக்கு வலி வராமல் பெல்ட் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று, தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ் 1994லேயே சொல்லிவிட்டது. பெல்ட்டும் போஸ்டரும் ஆளைத் திருத்தப் பார்க்கின்றன. கோளாறோ பெட்டி இருக்கும் இடத்தில் இருக்கிறது. அதே நிறுவனம் 1991இல் திருத்தியமைத்த கணக்கின்படி, எல்லாம் சாதகமாக அமைந்தால்கூட ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோதான். சாதகம் என்றால், பெட்டி உடம்பிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள், ஏறக்குறைய இடுப்பு உயரத்தில், நன்றாகப் பிடி கிடைக்கும்படி இருக்க வேண்டும். உடம்பைத் திருப்பாமல், எப்போதாவது ஒருமுறை மட்டுமே தூக்க வேண்டும். அதே பெட்டி, சரக்கை அடுக்கி வைக்கும் தட்டான பேலட்டின் உள்பக்கத்தில், உடம்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அந்த 23 கிலோ பாதியாகிவிடும். அதோடு பக்கவாட்டில் முழுக்கத் திரும்பவும் வேண்டியிருந்தால் எட்டு கிலோ அளவுக்கு இறங்கிவிடும். தரையிலிருந்து எடுப்பதையும் நிமிடத்துக்குப் பல தடவை தூக்குவதையும் இன்னும் இதில் சேர்க்கவில்லை. ஆகவே எடை எத்தனை கிலோ என்று மட்டும் கேட்டு ஒருவர் நின்றுவிட்டால், அவர் பாதிக் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்.

இங்கே பீன்யா தொழிற்பேட்டையில் கார்மென்ட்ஸ் லைன் சூப்பர்வைசராக இருந்த காலத்தில் நான் நம்பியது, வேலை செய்பவர்கள் தாங்களாகவே செய்துகொள்ளும் சின்னச் சின்ன மாற்றங்களைத்தான். நூல் வெட்டும் ஹெல்பர் ஒருத்தி கத்தரியின் வளையத்தில் வெட்டுத்துணியை இறுகச் சுற்றி வைத்திருப்பாள். அவள் கட்டைவிரலின் அடியில் பார்த்தால் தோல் காய்த்து, சிவந்த கோடு ஒன்று பதிந்திருக்கும். முதுகு சாய இடமில்லாத ஸ்டூலில் பழைய துணியை மடித்துப் போட்டு உயர்த்திக்கொண்ட டெய்லர், மேசை தன் உயரத்துக்குப் பொருந்தவில்லை என்பதை வாய் திறக்காமலேயே சொல்கிறாள். நாள் முழுக்க நின்றபடி செக்கிங் செய்பவள், கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல் கால்மாற்றிக் கால் வைத்து நிற்பாள். ஆடிட் வரும் நாளில் இவற்றையெல்லாம் ஒழுங்கீனம் என்று எடுத்து ஒளித்து வைப்பார்கள். அதைக் கண்டு எனக்கு எரிச்சல்தான் வரும். உன் கிடங்கிலும் கைப்பிடியில் சுற்றிய டேப், தரையில் விரித்த அட்டை, ஏறி நிற்கப் போட்ட பலகை என்று ஏதாவது இருக்கும். அவற்றைக் கண்டால் அகற்றாதே, குறித்துக்கொள்.

அதிக விசை, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, கோணலான நிலை, அசையாமல் நெடுநேரம் இருப்பது, கூர்விளிம்பு உடம்பில் அழுத்துவது, அதிர்வு, குளிர் என்று வலிக்கான காரணங்களைப் பாடப்புத்தகங்கள் தனித்தனியே எழுதும். வேலையிடத்தில் அவை தனியாக வருவதில்லை. கழுத்து குனிந்திருக்கும்போதே கை வேகமாக ஓடும், டார்கெட் ஏறினால் இடையில் ஆறிக்கொள்ளும் நேரமும் போய்விடும். இவை ஒன்றாகச் சேரும் இடத்தை முதலில் கவனி.

'எங்கே வலிக்கிறது?' என்று சூப்பர்வைசர் முன்னால் கேட்டால் ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார்கள், வேலை போய்விடுமோ என்ற பயம்தான். எந்த வேலைக்கு ஆட்கள் நிற்பதில்லை, புதிதாக வருபவர்களை எந்த இடத்தில் தள்ளுகிறார்கள் என்று கேள். இரவில் விரல் மரத்துப் போய் விழித்துக்கொள்வதாகவோ, டீ கிளாஸைப் பிடிக்கக் கை நடுங்குவதாகவோ யாராவது பேச்சுவாக்கில் சொன்னால், அதை வயதின் மேல் போட்டுவிடாதே. விடுப்புச் சீட்டாக அது உன் மேசைக்கு வரும்போது மாதங்கள் கடந்திருக்கும்.

காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தைத் தூக்க வைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவும், நின்று வேலை செய்பவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு வேண்டும் என்று 44ஆம் பிரிவும் சொன்னதை நாங்கள் நிர்வாகத்திடம் எடுத்துக்காட்டி ஸ்டூல் வாங்கியிருக்கிறோம். வாதத்துக்குச் சட்டம் உதவும். ஆனால் அளவு டேப்பும் ஒரு தராசும் கையில் இருந்தால் வாதமே சுருங்கிவிடும்.

பெல்ட்டுக்கு ஒதுக்கிய பணத்தில், பேலட்டை இடுப்பு உயரத்துக்கு ஏற்றும் லிஃப்ட் மேசை ஒன்றாவது வருமா என்று விலை கேள். அது வரும்வரை, அதிகம் நகரும் கனமான பெட்டிகளைக் கீழ் அடுக்கிலிருந்து நடு அடுக்குக்கு மாற்றச் சொல். அதற்குச் செலவே கிடையாது. அந்தக் கீழ் அடுக்கு தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், அதிலிருக்கும் பெட்டி எத்தனை கிலோ, ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை எடுக்கிறார்கள் என்பதை எழுதி அனுப்பு. இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா