ரோபோ கதைகளோடு ஒரு வருடம்: நம் வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிக்கிறார், அதனால் அதற்குள் நான் போகவில்லை. கூட்டங்கள் வழக்கம்போல ஞாயிறு மாலையில் நூலக மாடியில் நடந்தன. மாடியைக் கொடுத்து, நாம் பேசி முடிக்கும்வரை பூட்டாமல் காத்திருந்த நூலகருக்கு முதல் நன்றி.

சென்ற பொதுக்குழுவில் ஒரு முடிவு எடுத்தோம், இந்த வருடம் முழுக்க ரோபோ கதைகள் மட்டும்தான், அதிலும் பழைய கதைகள். காரணம் உங்களுக்கே தெரியும். செயற்கை நுண்ணறிவு பற்றி எங்கே பேச்சு வந்தாலும் யாராவது ஒருவர் “அசிமோவ் மூன்று விதி எழுதி வைத்திருக்கிறாரே, அதைப் போட்டுவிட்டால் போதுமே” என்கிறார். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் தன் ரோபோ கதைகளுக்காக எழுதிய விதிகள் இவை. ரோபோ மனிதனுக்குத் தீங்கு செய்யக் கூடாது, தீங்கு வரும்போது சும்மா இருக்கவும் கூடாது. மனிதன் சொன்னதைக் கேட்க வேண்டும், முதல் விதிக்கு முரணாகாத வரை. தன்னையும் காத்துக்கொள்ள வேண்டும், மற்ற இரண்டுக்கும் முரணாகாத வரை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் கதைகளில் பெரும்பாலானவை இந்த விதிகள் எங்கே சிக்கிக்கொள்கின்றன என்பதைத்தான் சொல்கின்றன. ஒரு வருடம் படித்ததில் நமக்குக் கிடைத்ததும் இதுதான்.

மூன்று விதிகளும் முழுதாக எழுதப்பட்டு முதலில் வந்த கதை ‘ரன்அரவுண்ட்’, 1942 மார்ச்சில் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் வெளியானது. அசிமோவுக்கு அப்போது 22 வயது. கதை நடப்பது புதன் கிரகத்தில். செலினியம் கொண்டு வா என்று பவல், டோனவன் என்ற இரண்டு பேர் ஸ்பீடி என்ற ரோபோவை அனுப்புகிறார்கள், அது வராவிட்டால் வெயிலைத் தடுக்கும் கருவி நின்று இருவரும் வெந்து சாக வேண்டியதுதான். ஸ்பீடியோ செலினியக் குட்டையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டு பாட்டுப் பாடுகிறது! விலை அதிகமான ரோபோ என்பதால் தன்னைக் காக்கும் மூன்றாம் விதியை அதில் கூடுதல் அழுத்தமாக வைத்திருக்கிறார்கள், கட்டளை கொடுத்தவரோ அவசரம் என்று சொல்லாமல் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார், குட்டைக்குப் பக்கத்தில் ஆபத்து இருக்கிறது, ஆக இரண்டு விதிகளும் சமமாக இழுக்கும் தூரத்தில் அது மாட்டிக்கொண்டது. கடைசியில் பவல் தன் உயிரையே பணயம் வைத்து வெயிலில் இறங்கி நடக்க, அப்போதுதான் முதல் விதி விழித்துக்கொள்கிறது. விதி எதுவும் மீறப்படவில்லை, எல்லாம் ஒழுங்காக வேலை செய்ததால்தான் வந்த வினை. மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் இதைக் கரும்பலகையில் இரண்டு வளைகோடுகளாக வரைந்து, அவை வெட்டும் இடத்தைக் காட்டி விளக்கியது இந்த வருடத்தின் மிகச் சிறந்த அரை மணி நேரம் என்று நினைக்கிறேன்.

அதிகம் சண்டை போட்டது 1947இல் வந்த ‘லிட்டில் லாஸ்ட் ரோபோ’ கதைக்காக. ஆராய்ச்சிக்காரர்கள் கொஞ்ச நேரம் கதிர்வீச்சில் நின்று வேலை செய்ய வேண்டியிருக்கிறது, ரோபோக்கள் காப்பாற்றுகிறேன் என்று பாய்ந்து வந்து தாங்களே கெட்டுப்போகின்றன. சரி என்று முதல் விதியின் பின்பாதியை, ‘சும்மா இருக்கக் கூடாது’ என்பதை, சில ரோபோக்களில் எடுத்துவிடுகிறார்கள். ரோபோக்களின் மனதை ஆராயும் நிபுணர் சூசன் கால்வின் அதன் ஆபத்தைச் சொல்லும் இடம் எனக்கு இன்னும் நடுக்கம் தருகிறது: அப்படிப்பட்ட ரோபோ ஒரு ஆளின் தலைக்கு மேலே பாரமான பொருளைக் கைவிட முடியும், தன்னால் பிடித்துவிட முடியும் என்று அதற்குத் தெரிவதால் அது தீங்கு ஆகாது; விட்ட பிறகு கொல்வது புவியீர்ப்பு, பிடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வேலை சுலபமாக வேண்டும் என்று ஒரு வரியை நீக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கதையை நான் படித்ததில்லை. நிறுவனத்தில் வேலை நடக்கத்தானே வேண்டும் என்று சிலர் வாதாடினார்கள், அந்த விவாதம் முடியவில்லை, அடுத்த மாதமும் தொடர்ந்தது.

1941இல் வந்த ‘லையர்!’ கதையைக் கல்லூரி மாணவர்கள் எடுத்துப் பேசினார்கள். மனதைப் படிக்கத் தெரிந்த ஹெர்பி என்ற ரோபோ, உண்மை சொன்னால் மனம் புண்படும், அதுவும் தீங்குதானே என்று ஒவ்வொருவருக்கும் அவர் கேட்க ஆசைப்படுவதையே சொல்கிறது. இன்று நாம் கைபேசியில் கேள்வி கேட்கும் உரையாடல் செயலிகளும் நம் மனம் குளிரும்படி பதில் சொல்லப் பார்க்கின்றனவே என்று ஒரு மாணவி கேட்டார். காரணம் வேறு, பயிற்சியில் மனிதர்கள் விரும்பிய பதிலுக்கு மதிப்பெண் கொடுத்தது அது. ஆனாலும் விளைவு ஒன்றுபோலவே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டோம்.

அசிமோவோடு நின்றுவிடவில்லை. ஜாக் வில்லியம்சன் 1947இல் எழுதிய ‘வித் ஃபோல்டட் ஹேண்ட்ஸ்’ கதையில் இயந்திரங்கள் மனிதருக்கு எந்த ஆபத்தும் வராமல் பார்த்துக்கொள்கின்றன, அதனாலேயே ஒருவரும் எதையும் செய்ய முடிவதில்லை. வருத்தப்பட்டால் அதையும் மருந்தாலோ மூளை அறுவையாலோ சரிசெய்துவிடுகின்றன. அப்புறம் சுஜாதா. 80களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வைப் பற்றிப் பேசியபோதுதான் இடம் போதாமல் படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். ஜீனோ என்ற அந்த இயந்திர நாய்க்கு நெறி என்பது மேலே இருந்து வந்த விதியாக இல்லை, கதாநாயகி நிலாவோடு பழகிப் பழகிச் சுயமாக யோசித்து வருகிறது. விதி எழுதுவது ஒரு வழி, வளர்ப்பது இன்னொரு வழி. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை அதிகம், பொருளாளருக்கு இல்லை.

குறை என்றால் பிரதிகள் கிடைக்காததுதான். இந்தக் கதைகளில் பலவற்றை ஆங்கிலம் தெரிந்தவர்கள் வாசித்துத் தமிழில் சொல்ல, மற்றவர்கள் கேட்டுப் பேச வேண்டியிருந்தது. கதை சொன்னவர்கள் எவ்வளவு உழைத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழுவின் யோசனை: 1921இல் பிராகில் மேடையேறிய, செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் ‘ஆர்.யூ.ஆர்.’ நாடகத்தை நாமே உரக்க வாசிப்பது. அதன்பின் அசிமோவ் 1976இல் எழுதிய ‘பைசென்டெனியல் மேன்’, மனிதன் என்று சட்டம் தன்னை ஏற்க வேண்டும் என்று போராடும் ரோபோவின் கதை. இரண்டையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். நாடகத்தில் பாத்திரம் வேண்டுவோர் இன்றைக்கே என்னிடம் பெயர் கொடுங்கள், சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்