என் சிறுநீரகத்துக்காகக் கவலைப்பட்டவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

26 வயதில் எனக்கு பைபோலார் என்று சொன்னார்கள்; மனநிலை அளவுமீறி ஏறியும் இறங்கியும் போகும் நோய். அன்றிலிருந்து 21 வருடமாக லித்தியம் சாப்பிடுகிறேன். இந்த மாத்திரைதான் என்னை வாழவைத்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். முப்பது வயதில், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நானாக நிறுத்திவிட்டு, ஆறே வாரத்தில் மருத்துவமனையில் கிடந்தவள் நான். அதே மாத்திரையால் சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது என்று போன வருடம் தெரிந்தபோது நிலைகுலைந்து போனேன். அப்போது கூட நின்றவர்களுக்குத்தான் இந்த மடல்.

அக்கா, என்னோடு ஒரே அறையில் இரண்டு ராத்திரி படுத்ததிலேயே நீ கண்டுபிடித்துவிட்டாய். தலைமாட்டில் இரண்டு பாட்டில் தண்ணீர், விடிவதற்குள் ஐந்து முறை எழுந்து போவது. "என்னடி இது, சர்க்கரை பார்த்தியா?" என்றாய். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. லித்தியம் சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்களுக்குள் நுழைந்து, தண்ணீரைத் திரும்ப உறிஞ்சும் வாசல்களைக் குறைத்துவிடுமாம். உடம்பில் தங்க வேண்டிய தண்ணீர் சிறுநீராகப் போய்விடும். அதற்கு ஈடாகத்தான் அந்தத் தாகம். பத்து வருடமாக அதை என் பழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

பழைய பரிசோதனைத் தாள்களைப் பீரோவிலிருந்து இழுத்துப் போட்டு, கிரியேட்டினினை மட்டும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதியதும் நீதான். சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு அது. 0.8, 0.9, 1.0, 1.1, கடைசியில் 1.3. கடைசித் தாளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் 'நார்மல்' அளவுக்குள்தான் இருந்தது. தனித்தனியாகப் பார்த்த யாருக்கும், எனக்கும், எதுவும் உறைக்கவில்லை. 1.1 வந்தபோதே வடிகட்டும் திறன் வெகுவாக இறங்கியிருந்தது. 1.3-இல் அது நிமிடத்துக்கு 51 மில்லி.

சிறுநீரக மருத்துவர் ஐயா, நாளைக்கே லித்தியத்தை நிறுத்தச் சொல்லிவிடுவீர்களோ என்று நடுங்கிக்கொண்டுதான் உங்கள் அறைக்குள் வந்தேன். நோட்டைப் பார்த்தீர்கள், என் எதிரிலேயே என் மனநல மருத்துவருக்கு போன் போட்டீர்கள். இருபது நிமிடம் பேசினீர்கள். இத்தனை வருடத்தில் என் தலையைப் பார்ப்பவரும் சிறுநீரகத்தைப் பார்ப்பவரும் ஒன்றாகப் பேசியது அன்றுதான். அந்த இருபது நிமிடத்துக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

மனநல மருத்துவர் மேடம், 21 வருடத்தில் பாதிக்கு மேல் நீங்கள்தான் என்னைப் பார்த்துவருகிறீர்கள். "நிறுத்தினா என்ன ஆகும், தொடர்ந்தா என்ன ஆகும், ரெண்டையும் சொல்றேன். முடிவை சேர்ந்து எடுப்போம்" என்றீர்கள். ரத்தத்தில் 0.9 இருந்த லித்தியத்தை மெல்ல 0.6-க்குக் கொண்டுவந்தோம். இரண்டு வேளை மாத்திரை ராத்திரி ஒரே வேளையானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை; கால்சியமும் தைராய்டும் அதோடு சேர்த்து, ஏனென்றால் லித்தியம் அவற்றையும் தொடும். வடிகட்டும் திறன் இன்னும் இறங்கினால் வேறு மருந்துக்குப் படிப்படியாக மாறலாம் என்றும் பேசி வைத்திருக்கிறோம். எட்டு மாதமாக அது 51-க்கும் 53-க்கும் நடுவில் நிற்கிறது.

ரத்தம் எடுக்கும் தம்பிக்கும் நன்றி. "கடைசி மாத்திரை எப்ப போட்டீங்க? 12 மணி நேரம் ஆகலைன்னா அளவு தப்பா காட்டும்மா" என்று ஒருநாள் என்னைத் திருப்பி அனுப்பினீர்கள். அன்று கோபம் வந்தது உண்மை. அந்தத் தப்பான எண்ணை நம்பி மருந்தை மாற்றியிருந்தால்?

மருந்துக்கடை அண்ணா, மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் கேட்டேன். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டுவிட்டு, பாராசிட்டமாலைக் கையில் கொடுத்து, "மத்தத டாக்டரக் கேக்காம வாங்காதீங்க" என்றீர்கள். அந்த வலி மாத்திரைகள் லித்தியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றவிடாமல் செய்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். இபுப்ரோஃபெனும் அப்படித்தான், சில பிரஷர் மாத்திரைகளும்கூட. வாந்தி, பேதி வந்து உடம்பு வற்றினாலும் இதே ஆபத்துதான் என்று பிறகு மேடம் சொன்னார். எனக்கு முதலில் சொன்னது நீங்கள்.

அக்கா, இப்போது ராத்திரி இரண்டு முறைதான் எழுந்திருக்கிறேன். போனில் தினமும் கேட்கிறாயே, அதனால் இங்கேயும் எழுதிவிட்டேன். நோட்டில் நேற்றைய எண்ணையும் சேர்த்துவிட்டேன்: 1.3.

என்றும் நன்றியுடன்,
உங்கள் தங்கை