குரங்கோடு கதை முடியவில்லை

ஆசிரியருக்கு,

2025 பெப்ரவரி 9ஆம் திகதி இலங்கை முழுக்க மின்சாரம் போன கதையை யார் எடுத்தாலும் இன்னும் பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் புகுந்த குரங்கில்தான் போய் நிற்கிறது. அமைச்சரே குரங்குதான் காரணம் என்று சொன்னதால் சிரிக்கவும் வசதியாகப் போய்விட்டது. நீர்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். உப மின்நிலையத்துக்குள் குரங்கோ பாம்போ புகுவது புதினமில்லை. ஒரு இடத்துப் பழுது முழுத் தீவையும் ஏன் இருட்டாக்கியது என்று கேட்க வேண்டும்.

அன்று ஞாயிறு முற்பகல். மின்தேவை குறைவு, நல்ல வெயில், கூரைச் சோலார் முழு வீச்சில். வீட்டுச் சோலாரின் இன்வேர்ட்டர், அதாவது சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி, கம்பியில் ஏற்கெனவே ஓடும் மின் அலையைப் பார்த்து அதற்கேற்ப மின்சாரத்தைத் தள்ளும், அவ்வளவுதான். சுழலும் மின்பிறப்பாக்கி அப்படியல்ல. அதன் பல தொன் இரும்பு, நாலுபேர் வடத்தை விட்டாலும் தேர் சட்டென்று நிற்காததுபோல, அதிர்ச்சியைச் சில விநாடிகள் தாங்கும். சோலார் அதிகமாகி, சுழலும் இயந்திரங்கள் குறைவாக ஓடியதால் அந்தப் பாரம் அன்று போதவில்லை. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன, அடுத்த இரண்டு நாளும் மின்வெட்டு. இந்தியாவோடு கம்பித் தொடர்பு இல்லாததால் தாங்கிப் பிடிக்க அயலட்டையும் இல்லை.

சுவிட்சைப் போட ஏன் மாலைவரை என்று கேட்டவர்களுக்கு ஒன்று. முழுதாக இருண்டால் நீர்மின் நிலையத்தில் தொடங்கித் துண்டு துண்டாகத்தான் கட்டி எழுப்ப வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் வோல்ற்றேஜ் ஒத்துவர வேண்டும், விநாடிக்கு 50 அலை என்ற 50 ஹேர்ட்ஸ் வேகம் ஒத்துவர வேண்டும், அலையின் ஏற்ற இறக்கமும் ஒரே கணத்தில் சேர வேண்டும். இரண்டு பக்க அலைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் சிங்குரோஸ்கோப் என்ற மீற்றரில் முள் மணிக்கூடு சுற்றும் பக்கமாக மெதுவாகச் சுற்றும். அது இரண்டும் ஒத்துவரும் இடமான பன்னிரண்டைத் தொடச் சற்று முன்பே, இணைக்கும் பெரிய சுவிட்சான பிரேக்கரைப் போடுவோம், ஏனென்றால் பிரேக்கர் மூடவும் கொஞ்ச நேரம் பிடிக்கும். முள் கீழே ஆறில் நிற்கும்போது போட்டால் இயந்திரத்தின் தண்டே முறுக்கிக்கொள்ளும். இப்போது இதைத் தானியங்கிகள் செய்கின்றன, ஆனால் அவசரம் மட்டும் அவற்றிடமும் எடுபடாது.

அதற்குப் பிறகு அந்த ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் சோலாரைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை வீட்டுக்காரரைக் கேட்டது. கடன்பட்டுப் பூட்டியவனிடம் கேட்கிற கேட்பா இது? இதற்கு வேறு வழி உண்டு: அலையைத் தானே உருவாக்கிப் பிடித்து வைக்கும் இன்வேர்ட்டரோடு பெரிய மின்கலங்கள் இருக்கின்றன, எரிபொருளில்லாமல் சும்மா சுழன்று பாரம் கொடுக்கும் இயந்திரங்களும் இருக்கின்றன, செலவுதான். உங்கள் நிருபர் அடுத்தமுறை அதிகாரிகளைச் சந்திக்கும்போது குரங்கை விட்டுவிட்டு, விடுமுறை நாள் நண்பகலில் ஆகக் குறைந்தது எத்தனை சுழலும் இயந்திரங்கள் ஓட வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதட்டும்.

ஓய்வுபெற்ற மின் ஊழியர்,
சாவகச்சேரி