அந்த பென் ட்ரைவக் கழட்டுங்கோ: விடுதி விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அதிபருக்கும் விடுதிப் பொறுப்பாசிரியருக்கும் பழைய மாணவர் சங்கத்து அண்ணாமாருக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடத்திட பேர நான் இதில எழுதேல்ல. உங்களுக்குத் தெரியும், மற்ற ஆக்களுக்குத் தெரியத் தேவையில்ல. ஆறாம் ஆண்டில இருந்து ஏ.எல் மட்டும் உங்கட ஹொஸ்டல்ல இருந்தவன் நான். போன மாசம் ஹொஸ்டல் பொடியளப் பிரிச்ச இல்லங்களுக்கிடையில பாட்டுப் போட்டி, நாடகம் எண்டு கூப்பிட்டீங்க, கொழும்பில இருந்து இரவு பஸ் ஏறி விடியத் திருகோணமலையில இறங்கினன். பாத்திட்டுப் போய் ஒரு கிழமையா மனசு ஒரு மாதிரிக் கிடக்கு, அதான் எழுதுறன்.

மேடை வடிவு, லைட் வடிவு, உடுப்பெல்லாம் வாடகைக்கு எடுத்தது போல, பளபளண்டு இருந்துது. நாடகம் தொடங்கி ரெண்டு நிமிசத்தில பாத்தா பொடியன் வாய மட்டும் அசைக்கிறான், வசனம் ஸ்பீக்கரில இருந்து வருது. முதலே ரெக்கோட் பண்ணிப் பென் ட்ரைவில போட்டதாம். நடுவில சவுண்ட்காரர் எதையோ அமத்திப்போட்டார், அரசன் வாள ஓங்கினபடி நிக்கிறான், சத்தமில்ல, பிறகு திடீரெண்டு மந்திரிட குரல் வருது, அரசன் அதுக்கும் வாய் அசைக்கிறான். சனம் சிரிச்சுது. நானும் சிரிச்சன், பிறகுதான் அந்தப் பிள்ளைட முகத்தப் பாத்தன்.

பாட்டுப் போட்டியும் அப்பிடித்தான். இல்லத்துக்கு ஏழெட்டுப் பேர், முக்காவாசியும் டவுனில சங்கீத கிளாசுக்குப் போற, வட இலங்கை சங்கீத சபைச் சோதினை எடுக்கிற பிள்ளையள், பின்னால கரோக்கி ட்ராக். நல்லாத்தான் பாடினவை, குறை சொல்லேல்ல. ஆனா மிச்ச ஹொஸ்டல் பொடியள் எங்க எண்டு பாத்தா, கதிரை அடுக்கிக்கொண்டு நிக்கிறாங்கள்.

எங்கட காலத்தில ஒரே ஒரு சட்டம்தான், இல்லத்தில இருக்கிற எல்லாரும் மேடையில ஏறோணும், கழுதைக் குரல்காரனும் ஏறோணும். அதில உள்ள கரைச்சல் பாடினவனுக்குத்தான் தெரியும். சுருதிய ஒண்டாங் கட்டையில, அதாவது தாழ வச்சா ஆறாம் ஆண்டுக்காரனுக்குக் கீழ சத்தமே வராது, அஞ்சில, அதாவது உயர வச்சா ஏ.எல் அண்ணாமார்ட கழுத்து நரம்பு புடைச்சு நிக்கும். எங்கட இல்லத்து அண்ணா ஒராள் சின்னாக்கள மேலயும் பெரியாக்கள ஒரு ஸ்தாயி கீழயும் பாட விட்டார், மகரக்கட்டு உடைஞ்சு எந்தப் பக்கமும் சேராத ஒம்பதாம் ஆண்டுக் கூட்டத்துக்குத் தாளம் போடுற வேலை. பாட்டு மோகனத்தில. அஞ்சே சுரம், மத்திமமும் நிஷாதமும் இல்ல, அதால பிசகினாலும் காது பெரிசாக் கூசாது. இத ஒரு மிசும் சொல்லித் தரேல்ல, இரவுச் சாப்பாட்டுப் பாணும் பருப்பும் முடிய மெஸ் மேசையில தட்டித் தட்டிக் கண்டுபிடிச்சது.

நாடகத்தில வேற சண்டை. கோணேசர் மலையும், இராவணன் வாளால வெட்டின பிளவெண்டு சொல்லுற இராவணன் வெட்டும் இருக்கிற ஊரில ராமனா நடிக்க ஆர் வருவான்? எல்லாருக்கும் இராவணன்தான் வேணும்! சீதைக்கு முக்காடு வார்டன்ட நுளம்பு வலை. மீசை கரி. ஒருக்கா மூதூர்ப் பக்கத்துப் பொடியன் ஒருத்தன், வகுப்பில வாயே திறக்காதவன், தாத்தா மத்தளம் அடிக்கிற ஆளாம், கூத்தில பாத்திரம் களரிக்கு வரேக்க ஆடுற வரவு ஆட்டம் ஒண்டு ஆடிக் காட்டினான். அதுக்குப் பிறகு ஹொஸ்டல்ல அவன்ட பேர் மாறிப்போச்சு, கூத்துப் பழக்குற ஆசானச் சொல்லுற மாதிரி எல்லாரும் அண்ணாவியார் எண்டுதான் கூப்பிட்டது.

பொடியள்ட குரல் கடைசி வரிசைக்குக் கேக்காது, அதான் ரெக்கோடிங் எண்டு ஒரு சேர் சொன்னார். கூத்து வட்டக்களரியில, அதாவது வட்டமான ஆடுகளத்தில ஆடேக்க நாலு பக்கமும் சனம், மைக் இல்ல. ஆடுறவன் ஒரு அடி பாட, பிற்பாட்டுக்காரர் அதத் திருப்பிப் பாடுவினம், அவனுக்கு மூச்சு வாங்க நேரமும் கிடைக்கும், சனத்துக்கு ரெண்டாந்தரமும் கேக்கும். 1960கள்ல பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடுற கூத்தச் சுருக்கி, பேராதனைப் பல்கலைக்கழகப் பிள்ளையளக் கொண்டு மேடையேத்தினவர். அவையும் பாடி ஆடினதுதானே, வாய் அசைக்கேல்லையே. கதிரை அடுக்கிற மிச்சப் பொடியளப் பிற்பாட்டுக்கு நிப்பாட்டுங்கோ, ரெண்டு பிரச்சினையும் ஒரேயடியாத் தீரும்.

பள்ளிக்கூடங்களுக்கிடையில நடக்கிற தமிழ்த்தினப் போட்டிக்குக் கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் எண்டு ஏறிப்போகோணும், அதுக்குக் கெட்டிக்காரரத் தெரிஞ்செடுத்துப் பழக்குறது சரி, ஆரும் வேண்டாமெண்டு சொல்லேல்ல. ஆனா இல்லப் போட்டி அதுக்கு ஒத்திகை இல்ல சேர். வெருகல், திரியாய் எண்டு தூரத்தில இருந்து வந்து, முதல் மாசம் முழுக்கத் தலகாணிக்க முகத்த வச்சு அழுற பிள்ளைக்கு அந்த ஒரு இரவுதான் இது என்ர இடம் எண்டு தோணுறது. எனக்கு அப்பிடித்தான் தோணினது. நான் வரிசையில கடைசியாள், பாடினது ஒருத்தருக்கும் கேட்டிராது, அது வேற கதை.

அடுத்த வருசம் ட்ராக் வேண்டாம், ரெக்கோட் வசனம் வேண்டாம், உடுப்பு வாடகைக்கு எடுக்க வேண்டாம். வசனம் மறந்தா மறக்கட்டும். பின்னால நிண்டு எடுத்துக் குடுக்க ஒராள் காணும்.

பழைய ஆர்மோனியம் ஸ்டோர் ரூமில தூசிக்க கிடக்கிறத அண்டைக்கு எட்டிப் பாத்தன், துருத்தி கிழிஞ்சிருக்கு. திருத்துற காசு எங்கட பெட்ச் பொடியள் போடுறம் எண்டு சொல்லியிருக்கிறாங்கள். எப்ப வந்து எடுக்கலாம் எண்டு மட்டும் சொல்லுங்கோ.

இப்படிக்கு,
கடைசி வரிசையில நிண்ட ஒருத்தன்