அழைத்தவரும் காவலர், பிடித்தவரும் காவலர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்பேசிச் செயலிகள் வழியே, ஆண்களை நாடும் ஆண்களோடு பேசிப் பழகி, தனியிடத்துக்கு வரவழைத்து, அடித்துப் படம் எடுத்துப் பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் குமரி மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியையும், அதையொட்டி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். கும்பலைத் தேடி அலைவதைவிட, அதே செயலிகளில் காவலர்களே போலிக் கணக்குத் தொடங்கி, நம்பி வருகிறவர்களை வரிசையாகப் பிடித்துப் பெயரையும் ஊரையும் வெளியிட்டால் 'இந்தச் சீரழிவு' தானாக ஒழியும் என்பது அவருடைய யோசனை. இதை அவர் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. நம் மாவட்டத்திலேயே அப்படிப் பிடிபட்ட ஒருவரின் வழக்குக் கட்டு என் கையால் தைக்கப்பட்டது என்பதால் இதை எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் வழக்கறிஞர் குமாஸ்தாவாக 34 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு அண்மையில்தான் ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குச் சற்று முன், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், நாற்பது வயதைக் கடந்த கடை ஊழியர் ஒருவர் செல்பேசியை நெகிழி உறையில் சுற்றி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். வக்கீல் உள்ளே இன்னொரு கட்சிக்காரரோடு பேசிக்கொண்டிருந்ததால் என் மேசை எதிரில் அமர்ந்தார். செயலியில் நடந்த உரையாடலைத் திறந்து என் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன். எதிர்த்தரப்பிலிருந்து 19 செய்திகள், இவரிடமிருந்து 6. முதல் செய்தி, "சாப்பிட்டாச்சா?" அடுத்தது, எந்த ஊர் என்ற கேள்வி. காசைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இவர் அனுப்பிய ஆறில் இரண்டு, "இன்னைக்கு வேண்டாம், மழையா இருக்கு, பொறவு பாக்கலாம்" என்ற தட்டிக்கழிப்புகள். அதற்குப் பதில், "ரூம் போட்டாச்சு, வராம இருந்திராதீங்க."

போயிருக்கிறார். பேருந்து நிறுத்தத்தில் ஓர் இளைஞர் சிரித்துக்கொண்டே வந்து "நீங்கதானே?" என்று கேட்க, இவர் "ஆமா" என்றிருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அங்கே எதுவும் நடக்கவில்லை. சற்றுத் தள்ளி நின்ற ஆட்டோவிலிருந்து சாரம் (கைலி) கட்டிய இருவர் இறங்கினார்கள். மூவருமே மஃப்டியில் இருந்த காவலர்கள். நிலையத்தில் செல்பேசியின் பூட்டு எண்ணை வாங்கி, அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்து, இதில் உன் பெண்டாட்டி யார் என்று கேட்டிருக்கிறார்கள். நள்ளிரவுக்குப் பின் நிலைய ஜாமீனில் விட்டார்கள்.

பிறகு வந்த குற்றப்பத்திரிகையில் செயலி இல்லை, 19 செய்திகள் இல்லை, போட்டதாகச் சொன்ன அறையும் இல்லை. காவலர்கள் ரோந்துப் பணியில் இருந்தபோது, பொது இடத்தில் பொதுமக்கள் அருவருக்கும்படி ஆபாசச் செய்கையில் ஈடுபட்ட ஒருவரைக் கண்டு பிடித்ததாக மட்டும் இருந்தது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவின்படி பொது இடத்தில் ஆபாசச் செய்கை நடந்திருக்க வேண்டும், அது பிறருக்குத் தொல்லையாகவும் இருந்திருக்க வேண்டும். இங்கே செய்கை எது? தொல்லைப்பட்ட அந்தப் பிறர் யார்? அழைத்த காவலரைத் தவிர இவரோடு ஒரு வார்த்தை பேசியவர்கூட அங்கே எவரும் இல்லை.

வழக்கை நடத்தியிருந்தால் நின்றிருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நடத்துவது என்றால் வாய்தாவுக்கு வாய்தா வந்து நிற்க வேண்டும், செல்பேசி உரையாடலைச் சான்றாவணமாகத் தாக்கல் செய்ய வேண்டும், திறந்த நீதிமன்றத்தில் அது வாசிக்கப்பட வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் பதினோரு மணிக்குள் வீட்டுக்குப் போய்விடலாம். அந்த யோசனையை அவரிடம் முதலில் சொன்னவன் நான்தான். இத்தனை ஆண்டு அனுபவத்தில் சொன்ன யோசனை. அன்று அது சரியாகத்தான் பட்டது. இப்படி ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டு போய்விடுவதால், அழைத்து வந்தது யார் என்ற கேள்வி எந்த நீதிபதியின் முன்னும் எழுவதே இல்லை.

பொறி வைத்துப் பிடிப்பதே தவறு என்று நான் வாதிடவில்லை. லஞ்ச ஒழிப்புத் துறை வைக்கும் பொறியை நம் அலுவலகங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். அங்கே முதலில் ஒரு புகார்தாரர் இருக்கிறார். லஞ்சம் கேட்டது அலுவலர். புகார்தாரர் வலியப் போய்க் கொடுத்தால் அது பொறியே அல்ல. பொறிக்கு முன்பே முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது, அரசு ஊழியர் இருவர் சாட்சிகளாக வருகிறார்கள், பினாப்தலின் தடவிய நோட்டுகளின் எண்கள் மகஜரில் (நடந்ததைச் சாட்சிகள் முன் எழுதும் பதிவு) ஏறுகின்றன, வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கும்போது நிறம் மாறுவதைச் சாட்சிகள் கண்ணால் பார்க்கிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும், லஞ்சம் கேட்டதும் வாங்கியதும் மெய்ப்பிக்கப்பட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் மறுபடியும் உறுதிப்படுத்தியது. (கையை முக்கிக் குற்றம் பார்ப்பது நம் ஊருக்குப் பழக்கமானதுதான். ஒழுக்கக்கேட்டுப் புகாருக்கு ஆளான நம்பூதிரிகளைச் சுசீந்திரம் கோயிலில் கொதிக்கும் நெய்யில் கைவிட வைத்த 'கைமுக்கு' வழக்கம் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில்தான் ஒழிந்தது. அதற்குக்கூட முதலில் குற்றம் சாட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது.) செயலிப் பொறியில் புகார்தாரர் இல்லை, சாட்சி இல்லை, மகஜர் இல்லை. கேட்டவரும் காவலர், அழைத்தவரும் காவலர், பிடித்தவரும் காவலர்.

ஒருவர் செய்யவிருக்கும் குற்றத்தைக் காத்திருந்து பிடிப்பதும், செய்யும்படி அவரைத் தூண்டிவிட்டுப் பிடிப்பதும் ஒன்றல்ல என்பதை நம் உச்ச நீதிமன்றம் நெடுநாளாகச் சொல்லிவருகிறது. 1956இல் ராம்ஜனம் சிங் வழக்கில், ஒருவருடைய குற்ற இயல்பு எதுவாக இருந்தாலும், அவருடைய பலவீனம் தாங்க முடியாத அளவுக்கு வேண்டுமென்றே ஆசைகாட்டிச் சட்டத்தை மீறவைக்க மாட்டார்கள் என்று எதிர்பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு என்று நீதிமன்றம் கூறியது. அது ஓர் உதவி ஆய்வாளர் மீதான லஞ்ச வழக்கு என்பதைக் காவல் துறை நண்பர்கள் கவனிக்கலாம். தூண்டுதலால் நேர்ந்த குற்றம் என்பதைத் தனியொரு எதிர்வாதமாக ஏற்கும் சட்டப்பிரிவு இந்தியாவில் இல்லை. அதனாலேயே இதில் காவல் துறை தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் கட்டுப்பாடு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. எதைப் பிடிக்க இந்தப் பொறி? 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவு இருந்தவரை, இயற்கைக்கு மாறான குற்றத்தைக் கண்டுபிடிக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளவாவது முடிந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து, வயதுவந்தவர்கள் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. இரு ஆண்கள் ஓர் அறையில் சந்திப்பது குற்றமில்லை என்றான பிறகு, அறைக்கு வா என்று அழைத்து, வழியில் பேருந்து நிறுத்தத்தில் மடக்கி, அதைப் 'பொது இடம்' ஆக்கினால்தான் வழக்கே உண்டாகிறது.

காகிதத்தில் இடம் மாறுவது நம் மாவட்டத்தில் மட்டும் நடந்ததல்ல. 2006 ஜனவரியில் லக்னோவில் நால்வர் கைதானபோது, பொது இடத்தில் பாலுறவு கொண்டதாகக் காவல் துறை சொன்னது. காவலர்கள் இணையதளம் ஒன்றில் தன்பாலீர்ப்பாளர்களைப் போல நடித்து ஒருவரை வரவழைத்து, அவரைக் கட்டாயப்படுத்தி மற்றவர்களைத் தொலைபேசியில் அழைக்க வைத்துப் பிடித்தார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் வெளிக்கொணர்ந்தன. கனடாவின் டொரன்டோவில் 2016இல் ஒரு பூங்காவில் மஃப்டி காவலர்களை இறக்கி 72 பேர் மீது வழக்குப் போட்டார்கள்; அவற்றில் பெரும்பாலானவை மாநகராட்சி விதிமீறலுக்கான சில்லறை வழக்குகள்தான்.

பேருந்து நிலையக் கழிப்பறைகளிலும் இருட்டான பூங்கா மூலைகளிலும் நடப்பவற்றால் பொதுமக்களுக்குத் தொல்லை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை அந்தக் கழிப்பறைக்குள் போக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அங்கே நல்ல விளக்கு போடட்டும், கட்டணம் வாங்குகிறவரை வாசலில் உட்கார வைக்கட்டும், சீருடையில் ஒரு காவலர் மணிக்கொரு தடவை நடந்து வரட்டும். சீருடையைப் பார்த்தால் தொல்லை அந்த நிமிடமே நிற்கும், ஆனால் வழக்கு எண்ணிக்கை ஏறாது. சிறுவர்களை நாடுகிறவர்களைப் பிடிப்பது வேறு விஷயம். அதற்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது, அதில் எந்தத் தயவும் வேண்டாம். வயதுவந்த ஒருவரை அழைக்கும் போலிக் கணக்கை அந்தக் காரணம் காட்டி யாரும் நியாயப்படுத்த வேண்டாம்.

இனி, வாசகர் கவலைப்பட்ட அந்தக் கும்பலுக்கு வருகிறேன். செயலியில் போலி முகம், இனிப்பான பேச்சு, வரச்சொல்லும் இடம், காத்திருக்கும் இரண்டு ஆட்கள், பிடுங்கப்படும் செல்பேசி, மனைவியிடம் சொல்லிவிடுவேன் என்ற மிரட்டல். மேலே நான் விவரித்த காவலர் பொறிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று வாசகரே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கும்பலிடம் பணத்தை இழந்தவர் எந்த நிலையத்தின் படியேறிப் புகார் கொடுப்பார்? மிரட்டிப் பணம் பறித்தலுக்குப் புதிய தண்டனைச் சட்டத்தின் 308ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. பழைய சட்டத்தை எழுதிய வெள்ளைக்காரர்கள்கூட இந்த மிரட்டலை எதிர்பார்த்திருந்தார்கள். 377ஆம் பிரிவில் மாட்டிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் பறித்தால் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்று 388, 389ஆம் பிரிவுகளில் எழுதி வைத்தார்கள். ஆனால் புகார் வந்தால்தானே பிரிவுக்கு வேலை? நிலையத்திலும் அதே வலை விரிக்கப்பட்டிருக்கிறது என்ற பேச்சு இருக்கும்வரை கும்பலுக்குப் பயமே கிடையாது. புகார் கொடுக்க வேண்டியவர்களின் அச்சம்தான் கும்பலின் மூலதனம்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் சுஷ்மா வழக்கில் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதியைத் தமிழக அரசு 2022இல் சேர்த்தது. பால்புதுமையர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோர்) எவரையும் காவலர் துன்புறுத்தக் கூடாது என்பது விதி. சட்டப்படியான நடைமுறையில் விசாரிப்பது துன்புறுத்தல் ஆகாது என்று அதற்கு ஒரு விளக்கமும் இருக்கிறது. போலிக் கணக்கு தொடங்குவதை 'விசாரணை' என்று அந்த விளக்கத்துக்குள் நுழைத்துவிடக் கூடும் என்பது என் கவலை. எனவே மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஒரு சுற்றறிக்கை மூலம் இதைத் தெளிவாக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்: புகார் இல்லாமல், மேலதிகாரியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல், எந்தக் காவலரும் செயலிகளில் வேறு ஆளாக நடித்து எவரையும் அழைக்கக் கூடாது, அழைத்துப் பிடித்திருந்தால் அந்த உரையாடல் முழுவதும் குற்றப்பத்திரிகையோடு நீதிமன்றத்துக்கு வர வேண்டும், செல்பேசியைக் கைப்பற்றினால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு சொல்வதுபோல் ஒலி, ஒளிப்பதிவு இருக்க வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். நிலையத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் குறிப்பையும் படத்தையும் அப்படியே போடும் வழக்கத்தை இந்த வழக்குகளிலாவது நிறுத்துங்கள். ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குரிய வழக்கில் ஒருவருடைய பெயர், வயது, ஊர், தொழில் நான்கையும் அச்சிடுவது நீதிமன்றம் கொடுக்காத தண்டனையாகிவிடுகிறது. கும்பலிடம் பணத்தை இழந்தவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணில் இலவசமாக உதவி கேட்கலாம் என்பதை அடுத்த செய்தியில் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

அபராதம் கட்டிய அன்று அந்தக் கடை ஊழியர் ரசீதை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு வெளியே எடுத்து, வீட்டில் துணி துவைக்கும்போது யாராவது பார்த்துவிடுவார்கள் என்று என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.

என் பெயரையும் வெளியிட வேண்டாம். பெயரைப் பார்த்தால் எந்த வக்கீல் அலுவலகம் என்பதையும், அதைக் கொண்டு எந்தக் கட்சிக்காரர் என்பதையும் நம் நீதிமன்ற வளாகத்தில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா,
நாகர்கோவில்.