ஆறடிச் சரிவு கேட்டு ஒரு திறந்த மடல்

கடற்கரை மர நடைபாதையைப் பராமரிக்கும் அதிகாரி அவர்களுக்கும், அதை ஒட்டி உணவகம் நடத்தும் முதலாளிமார்களுக்கும்,

வணக்கம். வேலூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி, இதெல்லாம்தான் வேலை. படி, சரிவு, அங்குலம் எல்லாம் தினமும் என் கையில் புழங்குகிற சமாச்சாரம் என்பதால் இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன்.

உங்கள் ஊர்ப் பெயரை இங்கே போடவில்லை. மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம், சக்கர நாற்காலியோடு உங்கள் நடைபாதை வாசலில் முக்கால் மணி நேரம் நின்ற குடும்பத்தை உங்கள் காவலாளி மறந்திருக்க மாட்டார். அவரைக் கேளுங்கள், சொல்வார். நல்ல மனிதர். அம்மாவுக்குத் தன் பாட்டிலில் இருந்து தண்ணீர் கொடுத்தார்.

விஷயம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. எங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் அந்த வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியிருப்பார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று: வாசலில் இருக்கும் அந்த ஒற்றைப் படிக்கு ஒரு சரிவு. ஆறடி நீளம்.

எங்கள் ஊரை ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று கிண்டல் செய்வார்கள். சாமி 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். ராஜாவை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தண்ணீரும் எப்போதாவது வருகிறது. 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியபோது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. அம்மாவும் வந்தார். சின்ன வயதில் அந்த ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்பியவர். அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார்: “இவ்ளோ தண்ணியும் எங்கடா போவுது?”

கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூர் பக்கம் போய்க் கடலில் கலக்கிறது என்றேன். “அப்போ ஒரு தடவ என்னக் கூட்டினு போ. கடலப் பாக்கணும்” என்றார். எழுபது வயது வரை அம்மா கடலைப் பார்த்ததில்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இதோ, அதோ என்று தள்ளிப்போட்டேன். 2023-இல் பக்கவாதம் வந்து இடது காலும் கையும் விழுந்துவிட்டன. தள்ளிப்போட்டது என் தப்பு, அதை உங்கள் தலையில் கட்ட மாட்டேன்.

இந்த வருடம் மே மாதம், வேலூர் வெயிலூராக இருக்கும் நேரத்தில், வேன் வைத்துக்கொண்டு எட்டுப் பேர் கிளம்பினோம். பாண்டிச்சேரிக்குப் போயிருக்கலாமே, அங்கே சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்களே, நாற்காலியை ரோட்டிலேயே தள்ளிக்கொண்டு போகலாமே என்று மச்சான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. இணையத்தில் உங்கள் நடைபாதையின் படத்தைப் பார்த்திருந்தேன். பளபளவென்று மரப்பலகை, ஓரத்தில் உணவகங்கள், வாசலில் நீலப் பலகையில் வெள்ளையாகச் சக்கர நாற்காலி அடையாளம். அந்தப் படத்தை நம்பித்தான் வந்தேன்.

நீலப் பலகை இருக்கிறது. அதற்கு நேர் கீழே படியும் இருக்கிறது. படத்தில் படி விழாத மாதிரி எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர் கெட்டிக்காரர்.

ஒரே படிதானே, தூக்கிவிடலாமே என்பீர்கள். தூக்கினோம். மச்சான் முன்னால், நான் பின்னால். நாற்காலி சாய்ந்ததும் அம்மா நல்ல கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார், பட்டன் ஒன்று தெறித்தது. மேலே ஏற்றி நாலடி தள்ளியிருப்போம். உங்கள் பலகைகளை நடக்கும் திசையிலேயே நீளவாக்கில் பதித்திருக்கிறீர்கள். முன்பக்கத்துச் சின்னச் சக்கரம் இரண்டு பலகைக்கு நடுவே இருந்த இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. நாற்காலி சட்டென்று நின்றது, அம்மா நிற்கவில்லை. என் தங்கை பையன் பக்கத்தில் இருந்து தாங்கிப் பிடிக்காவிட்டால் முகம் அடிபட்டிருக்கும். பலகையைக் குறுக்குவாக்கில் பதித்திருந்தால் சக்கரம் இடுக்கைத் தாண்டி உருண்டு போயிருக்கும். எந்தத் தச்சரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். செலவு கூட ஒன்றுதான்.

அதற்குள் சுற்றிக் கூட்டம். இரண்டு பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். அம்மா முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போதும்டா, எறக்கிடு. இங்கருந்தே பாக்கறேன்” என்றார். எங்கிருந்து? இறக்கிவிட்ட இடத்துக்கு முன்னால் ஓர் உணவகத்தின் ஃபிளெக்ஸ், வறுத்த இறால் படத்தோடு. அதற்குப் பக்கத்தில் உங்கள் ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் விளக்குப் போட்டு வைத்த செல்ஃபி பாயின்ட். இரண்டுக்கும் நடுவே சாண் அகலத்துக்கு வானம் தெரிந்தது.

அந்த செல்ஃபி பாயின்ட்டுக்குச் சரிவு இருக்கிறது, ஐயா. அழகான சரிவு, கைப்பிடியோடு. மொத்த இடத்திலும் அம்மாவால் ஏற முடிந்தது அங்கே மட்டும்தான். ஏற்றிப் படம் எடுத்தோம். படத்தில் அம்மா இருக்கிறார், உங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறது, கடல் இல்லை. எழுத்து மறைத்துவிட்டது.

அடுத்து சாப்பாடு. உணவக முதலாளிமார்கள் கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். வரிசையாக ஐந்து கடை பார்த்தோம். எல்லாவற்றுக்கும் மூன்று படி. ஒரு கடையில் சர்வர் தம்பி, “பாட்டியை இங்கேயே உக்கார வெச்சுடுங்க சார், தட்டுல எடுத்தாந்து தரேன்” என்றார். அவர் மனதில் ஒன்றும் இல்லை, உதவியாகத்தான் சொன்னார். பிள்ளைகள் பசி தாங்கவில்லை, மேலே போனார்கள். அம்மாவும் நானும் கீழே, கை கழுவும் தொட்டிக்கும் நிறுத்தியிருந்த பைக்குகளுக்கும் நடுவில். வஞ்சிரம் வறுவல் வந்தது. என் மடியில் தட்டை வைத்து முள் எடுத்து ஊட்டினேன். மேலே இருந்து பேத்தி, “பாட்டி, அலை வருது பாரு!” என்று கத்தினாள். அம்மா நிமிர்ந்து பார்த்தார், கைப்பிடிச் சுவர்தான் தெரிந்தது. “வருது வருது, பாத்தேன்” என்று அவளுக்குப் பதில் சொன்னார்.

மீனுக்கு மெனுவில் விலை இல்லை, ‘அன்றைய விலை’ என்று போட்டிருந்தது. பில் வந்த பிறகுதான் அன்றைய விலை என்னவென்று தெரிந்தது. அதற்குக் கீழே சேவைக் கட்டணம் என்று ஒரு வரி. தட்டைப் படி இறக்கிக் கொண்டுவந்த சேவைக்கு என்று நினைக்கிறேன். கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆம்பூர் பக்கம் பிரியாணிக் கடைகளில் தாளிச்சாவும் கத்தரிக்காயும் கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள், அதை யாரும் சேவை என்று பில் போட்டு நான் பார்த்ததில்லை. கழிப்பறைக் கதை இன்னொன்று. மாற்றுத்திறனாளி அடையாளம் போட்ட கதவுக்குப் பூட்டு, சாவி வைத்திருப்பவர் டீ குடிக்கப் போயிருந்தார், திறந்தால் உள்ளே விளக்குமாறும் பினாயில் கேனும். சரி, எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டினால் எதுவும் நடக்காது. படிக்கே வருகிறேன்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று மாற்றுத்திறனாளிகளுக்காகவே மரப்பாதை திறந்தார்கள், 263 மீட்டர் நீளம். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து முனையைப் பிய்த்துப் போட்டது. கடல் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், ஆனால் சரிசெய்து மறுபடி திறந்தார்கள். சென்னைக்குப் பக்கத்தில் உள்ள கோவளமும் புதுச்சேரி ஈடன் கடற்கரையும் 2021-இல் நீலக்கொடிச் சான்று வாங்கின. சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தரும் சர்வதேசச் சான்று அது. அந்தச் சான்றுக்கான 33 அளவுகோல்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதியும் அடக்கம். அடுத்த சான்று உங்களுக்குத்தான் என்று வாசலில் பேனர் கட்டியிருக்கிறீர்கள். அந்தப் பேனரின் கயிறு நீலப் பலகையின் கம்பத்தில்தான் கட்டியிருக்கிறது.

சட்டமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது, ஏற்கெனவே கட்டிய பொதுக் கட்டடங்களை மாற்ற ஐந்து வருடம் அவகாசம் கொடுத்தது. உங்கள் நடைபாதை சட்டத்துக்கு அப்புறம் கட்டியது. திறப்பு விழாக் கல்வெட்டில் தேதி பார்த்தேன். கல்வெட்டு மேடைக்கும் படி இல்லை, சமதளம்.

கணக்கையும் நானே சொல்கிறேன். அன்றைக்கு என் பையில் டேப் இருந்தது, தொழில் புத்தி. படியின் உயரம் ஆறு அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம், அதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதுதான் சரிவின் கணக்கு. ஆறு அங்குலத்துக்கு ஆறடி. அகலம் நாலடி போதும். மேலே கால் வழுக்காமல் இருக்கப் புடைப்பு வைத்த செக்கர் பிளேட் தகடு, கீழே தாங்க ‘எல்’ வடிவ ஆங்கிள் இரும்பு, இரண்டு பக்கமும் பைப் கைப்பிடி. என் பட்டறையில் இரண்டு ஆளுக்கு ஒரு நாள் வேலை. சாதா இரும்பு போட்டால் உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் பொரிந்துவிடும், அதனால் துத்தநாகப் பூச்சு ஏற்றிக் கால்வனைஸ் செய்ய வேண்டும். அந்த ஆளுயர எழுத்தில் ஓர் எழுத்துக்கு ஆன இரும்பில் பாதி கூட இதற்கு ஆகாது. டெண்டர், மதிப்பீடு, கோப்பு என்று உங்கள் பக்கம் ஆயிரம் இருக்கும், எனக்குத் தெரியும். அரசு வேலைக்குக் கிரில் அடித்துக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு நடையாய் நடந்தவன் நான். அதனால் சொல்கிறேன்: நீங்கள் அனுமதி மட்டும் கொடுங்கள், அந்த ஆறடிச் சரிவை நானே செய்து கொண்டுவந்து போடுகிறேன். காசு வேண்டாம், பெயர்ப் பலகையும் வேண்டாம்.

உணவக முதலாளிமார்களுக்கு: உங்கள் மூன்று படிக்குப் பதினெட்டு அடி வேண்டும், உங்களிடம் அவ்வளவு இடம் கிடையாது, பார்த்தேன். அது வரும்வரை கடலைப் பார்த்தாற்போல் கீழே ஒரு மேசை போடுங்கள். அந்த இறால் ஃபிளெக்ஸை இரண்டடி நகர்த்தினால் போதும்.

ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டு அக்கா, “இன்னாம்மா, கடல் பாத்தியா?” என்று கேட்டார். அம்மா, “சத்தம் கேட்டேன்” என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டேன்.

கடிதத்தில் நடுநடுவே குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜை விடுமுறைக்கு மறுபடி வரலாம் என்று இருக்கிறோம். அதற்குள் வாசல் படிக்கு ஆறடிச் சரிவு போட்டுத் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். என்னைச் செய்யச் சொல்வதானால் ஒரு வரி பதில் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு, மறுபடி ஒருமுறை அளவெடுக்க டேப்போடு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறைக்காரன்,
வேலூர்.