வறுமைக்கும் வயது உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

வறுமை பற்றிய உங்கள் தலையங்கம் மாவட்டத்துக்கு ஒரு சதவீதம் சொல்லி நின்றுவிட்டது. வயதுவாரியாகப் பிரித்தால்தான் விஷயம் புரியும்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் மெக்டவல் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) என்றொரு நிலக்கரிச் சீமை. 1950இல் கிட்டத்தட்ட 99 ஆயிரம் பேர். 2020இல் 19 ஆயிரம். அதிபர் கென்னடி கொண்டுவந்த உணவு முத்திரையை (ஏழைகள் மளிகை வாங்க அரசு தரும் சீட்டு) 1961 மே மாதம் நாட்டிலேயே முதலில் வாங்கியது இங்குள்ள 15 பேர் கொண்ட ஒரு குடும்பம்தான்.

இன்று அங்கே முதியோரைவிடக் குழந்தைகளே அதிக வறுமையில் இருக்கிறார்கள். காரணம் லேசானது. முதியோர் ஓய்வூதியம் 1975 முதல் விலைவாசியோடு தானாக ஏறுகிறது. 1959இல் நாட்டின் முதியோரில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஏழை. இப்போது சுமார் பத்தில் ஒருவர். குழந்தைகளுக்கு அப்படியொரு பிடிமானம் இல்லை. 2021இல் ஓராண்டு மட்டும் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கான வரிச்சலுகையை உயர்த்திக் கொடுத்தார்கள். அரசு உதவிகளையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கில் குழந்தை வறுமை 5.2 சதவீதமாக இறங்கியது. நிறுத்தினார்கள், மறு ஆண்டே 12.4. (ஓட்டுரிமை இல்லாதவர்கள் பாடு எங்கும் இதுதான் போலும்!)

சென்ற கோடையில் அந்தக் கவுன்டியின் தலைநகரான வெல்ச் வழியே போனேன். கடைத்தெருவில் பல கதவுகளுக்குப் பலகை அடித்திருந்தார்கள். மளிகைக்கடையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி, இரண்டு பேரப்பிள்ளைகளின் கூடையிலிருந்து பால் டப்பா ஒன்றைத் திருப்பி வைத்தார். மாதக் கடைசியாம். அவருடைய ஓய்வூதியத்தில்தான் மூன்று பேரும் சாப்பிடுகிறார்கள். புள்ளிவிவரத்தில் அந்த ஓய்வூதியம் முதியோருக்கான உதவிக் கணக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வர்ஜீனியா, அமெரிக்கா